ஒன்றரை அடி வேலிக்காக லாச்சப்பல் போனேன்

குணராசாவோடு செத்தாலும் கதைப்பதில்லை என்று சத்தியம் செய்தவன் நான். அந்தக் குணராசாவைத் தேடித்தான் பாரிசுக்குப் போனேன். விசாவுக்குச் சொன்ன காரணம் வேறு. பாரிசுக்குப் பக்கத்தில், கார்ஜ் லே கொனெஸில் இருக்கும் என் தங்கச்சி வசந்தியின் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு, தாய்மாமன் வரவேண்டும் என்று கடிதம் போட்டுக் கூப்பிட்டார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் தாய்மாமன் வேலைக்கு ஒரு பின்னேரம் போதும். மிச்ச நாளெல்லாம் நான் அலைந்தது ஒரு கடதாசிக்காக.

என் காணி முல்லைத்தீவுப் பக்கம். இரண்டாயிரத்து ஒன்பதில் எங்களை அடித்துக் கலைத்த பிறகு இராணுவம் அதில் முகாம் போட்டது. ஒன்பது வருடம் கழித்து, விடப் போகிறோம், காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். உறுதி எங்கே? ஓடிய ஓட்டத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வந்து, கடைசியாக மிஞ்சிய தகரப் பெட்டி ஷெல் விழுந்து எரிந்தது. உறுதி அதற்குள் இருந்தது. பதிவேடுகளும் சண்டையோடு போய்விட்டன. "எல்லையைக் காட்ட ஏதாவது கொண்டு வாருங்கள். மாத முடிவுக்குள் வராவிட்டால் அதைக் காடு என்றுதான் எழுதுவோம்" என்றார் ஒரு அலுவலர். முப்பது தென்னை வைத்து, கிணறு கட்டி, வரி கட்டிய காணி. காடாம்!

எல்லையைக் காட்ட உலகத்தில் ஒரே ஒரு கடதாசிதான் இருந்தது. அது நானும் பக்கத்துக் காணிக்காரன் குணராசாவும் பிடித்த வேலிச் சண்டையில் பிறந்தது.

எங்கள் ஊரில் வேலி என்றால் சுவர் இல்லை. கதியால் தடி நட்டு, ஓலைக் கிடுகு கட்டி, வருடா வருடம் பிரித்து அடைப்பது. கதியால் உக்கிப் போனால் புதியதை நட வேண்டும். நடுகிறவன் ஒரு சாண் தள்ளி நட்டால் யாருக்குத் தெரியும்? அடுத்த முறை மற்றவன் நடும்போது அவன் ஒரு சாண் திருப்பித் தள்ளுவான். இப்படி ஊர்ந்து திரிகிற வேலிகள் எங்களுடையவை. நானும் குணராசாவும் சமாதான காலத்தில் இரண்டு வருடம் வழக்காடினோம். எந்தக் கோட்டில், எந்த நீதிமன்றத்தில் என்று எழுத மாட்டேன். அந்தக் காலத்தில் அங்கே என்ன கோடு இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பு இன்றைக்குச் செல்லாது. ஆனால் அளக்க வந்தவர் வவுனியாவிலிருந்து வந்த, அரசாங்க அனுமதி பெற்ற நில அளவையாளர். அவருடைய முத்திரை செல்லும்.

ஒரே தாளில் இரண்டு காணியும் கீறியிருந்தார். நாலு பக்க எல்லை, இரண்டு கிணறு, நடுவில் வேலி. எனக்கொரு பிரதி, அவனுக்கொரு பிரதி. என்னுடையது பெட்டியோடு எரிந்தது. அளந்த மனிதரும் இறந்துவிட்டார். மிச்சம் குணராசா.

வசந்தி போனில் சொன்னாள்: "அண்ணை, அந்த ஆள் இஞ்சைதான். லாச்சப்பலிலை, தமிழ்க் கடையள் இருக்கிற தெருவிலை கண்டனான். என்னைக் கண்ட உடனை மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு போகுது."

திரும்பட்டும், எங்கே போய்விடுவான் என்று பிளேன் ஏறினேன்.

பாரிஸ் எனக்குப் பிடித்துப் போனது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தரம் பிளேன் ஏறியவனுக்கு எதுவும் பிடிக்கும் என்று வசந்தி சிரித்தாள். அது இல்லை. ஒன்பது வருடமாக நான் போன இடமெல்லாம் யாரிடமாவது எதையாவது கெஞ்சப் போன இடம். இங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எவ்வளவு சுகம்! நிலையத்தில் சப்பாத்து நாடா கட்ட நடுவழியில் குந்தினேன். ஆயிரம் பேர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எழும்பு என்று ஒருவனும் அதட்டவில்லை.

இரண்டாம் நாள் காலை வசந்தி என்னை ரயிலில் ஏற்றிவிட்டாள். "எல்லாரும் இறங்கிற பெரிய ஸ்ரேசனிலை இறங்குங்கோ. பிறகு மணத்தைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்றாள். பகிடி என்று நினைத்தேன். உண்மைதான். கார் து நோர் நிலையத்தில் இறங்கி வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடக்க, வறுத்த மிளகாய்த்தூள் மூக்கில் ஏறியது. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ரயில் தடதடத்துப் போக, கீழே முருங்கைக்காய், வல்லாரை, சீலைக்கடை, நகைக்கடை, தமிழில் பெயர்ப்பலகை. ஒரு வெள்ளைக்காரி இடியப்பப் பார்சலோடு போனாள். ஒரு கடையில் கருவாட்டைத் தூக்கி மணந்து பார்த்தேன். எங்கள் கடலின் சீலா. ஊரில் நல்ல கருவாடு ஏன் கிடைப்பதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம், சொதி, கட்டைச் சம்பல் எடுத்துக்கொண்டு இருந்தேன். முன்னால் தொப்பி போட்ட ஒரு கிழவர். என் பேச்சைக் கேட்டு அவரே தொடங்கினார்.

"ஊர்லேர்ந்து புதுசா வந்திருக்கீங்களா? நான் பாண்டிங்க. இங்க தபால்ல வேலை பாத்து, இப்ப ரெத்ரேத், ரிடையர் ஆயிட்டேன். சும்மா உக்காந்து காப்பி குடிக்கிற உத்தியோகம்."

நல்ல மனிதர். ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கேட்பதைக் கேட்டார். "கோச்சிக்காதீங்க. அப்ப டிவில பாத்தோம், ஒண்ணும் புரியல. அவ்ளோ பெரிய படையை எதுக்குங்க அந்தச் சின்ன எடத்து மேல விட்டாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. சம்பலைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஐயா, சமாதானம் சமாதானம் எண்டு ரெண்டு பக்கமும் ஆயுதம் சேர்த்தவங்கள். அரசாங்கத்துக்குப் பெரிய நாடெல்லாம் வரிசையிலை நிண்டு கைகுடுத்தது. இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளை எண்டு பிடிச்சுக்கொண்டு போனது. வெளிநாட்டுத் தொண்டர்மார் வாகனம் ஏறேக்கை, போகாதேங்கோ எண்டு வாசலிலை நிண்டு அழுதனாங்கள். விட்டிட்டுப் போட்டினம். பாக்கிறதுக்கு ஆள் இல்லையெண்டா அடிக்கிறவனுக்கு என்ன வெக்கம்? கிளிநொச்சியிலை இருந்து கடற்கரை மட்டும் எங்களை மாடு சாய்க்கிற மாதிரிச் சாய்ச்சவங்கள். பாதுகாப்பான இடம் இது எண்டு சொல்லிப்போட்டு அதுக்கையே ஷெல் அடிச்சவங்கள்."

"அப்ப யார் மேலதாங்க தப்பு?"

"அடிச்சவனிலை முதல் பிழை. அடி விழுற இடத்திலை சனத்தை விடாமல் வைச்சிருந்தவனிலையும் பிழை. வேடிக்கை பாத்த உலகத்திலையும் பிழை. நான் காணியிலை கச்சான் பயிர் போட்டுக்கொண்டிருந்தனான். என்னிலை மட்டுந்தான் பிழையில்லை."

கிழவர் தன் காப்பியை என் பக்கம் தள்ளினார். நான் எச்சில் காப்பி குடிப்பதில்லை. அன்றைக்குக் குடித்தேன். நெற்றியில் தழும்புள்ள, கட்டையான ஆள் ஒருவனைத் தெரியுமா என்று கேட்டேன். "வாயைத் தொறந்தா திட்டுவாரே, அவரா? ரூ பிலிப்-து-ஜிரார்ல நேரா போங்க. சிவப்புப் பலகை போட்ட ரெஸ்டாரன்ல பாத்திரம் கழுவுறார்."

பின்கதவால் போனேன். குணராசா முழங்கை வரை நுரையோடு நின்றான். தலை முழுதும் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த சட்டியை வைக்கக்கூட இல்லை.

"வேலி தள்ள இஞ்சையும் வந்திட்டியோ?"

"கடதாசி இருக்கோ இல்லையோ? அதைச் சொல்லு."

"எப்பிடியடா இருக்கிறாய் எண்டு ஒரு சொல்லில்லை. வந்த உடனை கடதாசியாம்!"

"நீ கேட்டனியோ?"

"நான் ஏன் கேக்கோணும்? வந்தது நீ!"

இரண்டு பேரும் கத்திய கத்தில் அடுப்படிக்காரப் பெடியன் அகப்பையோடு திரும்பினான். "அண்ணைமார், வெளியிலை போய்ப் பிடுங்குப்படுங்கோ. இஞ்சை சொதி திரையுது."

வெளியே வந்தோம். விஷயத்தைச் சொன்னேன். முகாம் எடுக்கிறார்கள், மாத முடிவு, காடு. அவன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டான். முகாம் எடுக்கிறார்கள் என்றபோது அவனுடைய வாய் கொஞ்சம் திறந்தது. உடனே மூடிக்கொண்டான்.

"இருக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு. வீட்டை வா, வில்லியே லே பெல். ஆனா சும்மா தரமாட்டன்."

என்ன வேண்டும் என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்று உள்ளே போய்விட்டான்.

இருக்கு என்றானே, அது போதும்! லாச்சப்பல் தெருவில் துள்ளித்தான் போனேன். வழியில் ஒரு றோல்ஸ் வாங்கித் தின்றேன். அந்தச் சந்தோசத்தோடு ரயில் ஏறி, கார்ஜ் வந்ததும் கதவுக்கு முன்னால் மரியாதையாக நின்றேன். கதவு திறக்கவில்லை. பொறுத்தேன். திறக்கவில்லை. ரயில் வெளிக்கிட்டுவிட்டது. இந்த ரயில்களில் கதவுப் பொத்தானை நாங்களே அமத்த வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? அடுத்த நிலையத்தில் தலைக்குத் துணி கட்டிய ஒரு ஆபிரிக்க அம்மா என் கையைப் பிடித்து, என் விரலாலேயே பொத்தானை அமத்தினாள். "பாரிசில் கதவு உனக்காகத் திறக்காது, மகனே" என்று சொன்னாள் என்று வசந்தியின் மகள் பிறகு மொழிபெயர்த்தாள். கேட்ட சத்தத்தை அப்படியே அவளுக்குச் சொல்லிக் காட்டியிருந்தேன்.

அவள் பெயர் அபிஷா. தாய் தமிழில் ஏசினால் பிரெஞ்சில் திருப்பி ஏசுகிற பிள்ளை. மாமாவோடு மட்டும் உடைந்த தமிழ். வியாழக்கிழமை பின்னேரம் சீலைக்கு ஊசி வாங்க என்னோடு பாரிசுக்கு வந்தாள். ஒரு தெருச் சுவரில் சின்னக் கல்லொன்று பதித்து, அதில் ஒரு வளையத்தில் பூ சொருகியிருந்தது. என்ன இது என்றேன்.

"முந்தி ஜெர்மன்காரர் வந்து பாரிசைப் பிடிச்சவை, மாமா. அவையோட சண்டை பிடிச்சு இந்த இடத்தில ஒரு ஆள் செத்தது. இருபத்தொரு வயசு. அதான் பேர் போட்டிருக்கு."

"பூ ஆர் வைச்சது?"

"நகரசபை. ஒவ்வொரு வருசமும்."

எத்தனை வருடம் என்று கணக்குப் பார்த்தேன். எழுபதுக்கு மேல். இன்னும் பூ. எங்கள் ஊரில் சண்டையில் செத்த பிள்ளைகளைப் புதைத்த இடத்தைப் புல்டோசர் போட்டுக் கிளறினார்கள். விளக்கு வைக்கப் போன தாய்மாரைப் பெயர் கேட்டுப் பதிந்தார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று தூசணம் சொன்னேன். அபிஷாவுக்குத் தமிழில் அந்தச் சொற்கள் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "மாமா, உங்கட வீட்டுக்கு வந்தவையும் திரும்பிப் போட்டினமா?" என்று கேட்டாள். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை சாமத்தியவீடு. மண்டபம், பல்லக்கு, புகை விடுகிற மெசின், மூன்று தரம் சீலை மாற்றல். பல்லக்குத் தூக்கியதில் ஒருவன் காலை நேரம் குப்பை லொறி ஓடுகிறவனாம், நல்ல தோள். ஊரில் இப்படிச் செய்தால் ஏசுவேன். இங்கே ஏசவில்லை. சாப்பாடு அவ்வளவு திறம்.

ஞாயிற்றுக்கிழமை வில்லியே லே பெல். இந்த முறை பொத்தானை நான்தான் அமத்தினேன். என் பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் சேர்த்து. குணராசாவின் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. ஆறு மாடி ஏறினேன்.

ஒரு அறைதான். கட்டில், அடுப்பு, தொலைக்காட்சி. சுவரில் அவன் மனைவி புவனத்தின் படம். அதற்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் வரைபடம். மடித்த கோடுகளில் கிழிந்து, பின்னால் ஒட்டியிருந்தது. என் கிணறு. அவன் கிணறு. நான் கண்ணாடியில் கை வைத்தேன்.

"தொடாதை," என்றான் குணராசா. "இடுப்பிலை கட்டிக்கொண்டு வந்தனான். முள்ளுக்கம்பி அகதி முகாமுக்கையும் கட்டிக்கொண்டுதான் கிடந்தனான். இஞ்சை நான் வன்னி எண்டதை இவங்கள் நம்பேல்லை. இதைக் காட்டினாப் பிறகுதான் விசா தந்தவங்கள். நீ வேலியைத் தள்ளாட்டி வழக்கில்லை. வழக்கில்லாட்டி இந்தக் கடதாசியுமில்லை. உன்ர களவாலைதான் எனக்கு விசா."

"ஆர் களவு?"

"கீழை பார்."

பார்த்தேன். எனக்குத் தெரியாததில்லை. அளவையாளர் வரைபடத்தின் அடியில், எல்லையை ஏற்கிறோம் என்று இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். ஒன்றில் குணராசாவின் கையெழுத்து. மற்றது வெறுமை. அது என் இடம். வேலி ஒன்றரை அடி அவன் காணிக்குள் நிற்கிறது என்று அளவையாளர் கண்டுபிடித்த அன்றைக்கு, அவருடைய பேனையை நிலத்தில் எறிந்துவிட்டுப் போனவன் நான்.

"ஒரு ஆளின்ர கையெழுத்தோடை குடுத்தா, எல்லையிலை பிரச்சினை எண்டு தூக்கிப் போடுவாங்கள். உனக்குத் தெரியும். வை கையெழுத்தை. அதுக்கு முதல், தள்ளினனான் எண்டு வாயாலை சொல்லு."

"விசரோ உனக்கு?"

"எனக்குச் சொல்லவேண்டாம். அவளுக்குச் சொல்லு." புவனத்தின் படத்தைக் காட்டினான்.

கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினேன். ஆறு மாடி. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஏச்சு. கீழே வந்து காற்றில் நின்றேன்.

ஒன்று எழுத வேண்டும். கடைசி நாட்களில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் அந்த மணல் துண்டில், எத்தனையோ ஆயிரம் குடும்பத்துக்குள் குணராசாவின் பங்கரும் என் பங்கரும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டன. வேண்டுமென்று இல்லை, வேறு இடம் இருக்கவில்லை. அங்கேயும் சண்டை. உன் மண் என் பங்கருக்குள் சரிகிறது என்று அவன், உன் சீலைப்பை என் பக்கம் வருகிறது என்று நான். புவனந்தான் நடுவில் நின்று, "செத்தாலும் திருந்தமாட்டியளோ" என்று பேசுவாள். சீலையைத் தைத்துப் பை ஆக்கி மண் நிரப்பித் தந்ததும் அவள்தான், இரண்டு பங்கருக்கும். ஒரு காலை தண்ணீருக்குப் போனாள். ஷெல் விழுந்தது. நானும் அவனுந்தான் தூக்கி வந்தோம். அவளுடைய பங்கரிலேயே அவளை வைத்து மூடினோம். மூட மண் போதவில்லை. என் பங்கர்ப் பைகளை வெட்டிக் கொட்டினேன். அதற்குப் பிறகும் நாங்கள் கதைக்கவில்லை. அன்றைக்கே வேறு வேறு பக்கம் ஓட வேண்டியிருந்தது.

எல்லாரிலும் பிழை, என்னில் மட்டும் பிழையில்லை என்று பாண்டிச்சேரிக்காரரிடம் சொல்லியிருந்தேன். படையெடுத்து வந்ததில் என் பிழை இல்லை. அது சரி. வேலியின் ஒன்றரை அடியில் என் பிழை இருந்தது.

திரும்ப ஏறினேன். ஆறாம் மாடிக்கு வந்தபோது சண்டை பிடிக்க மூச்சு மிஞ்சவில்லை. கதவு திறந்தே கிடந்தது. குணராசா இரண்டு கோப்பையில் சோறு போட்டு, மீன் குழம்பு விட்டுக்கொண்டிருந்தான்.

படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "தள்ளினனான், புவனம்," என்றேன். "ரெண்டு வேலியடைப்பிலை தள்ளினனான்."

குணராசா திரும்பவில்லை. "ரெண்டிலை இல்லை, மூண்டிலை," என்றான்.

"ரெண்டு!"

"மூண்டாந்தரம் பூவரசங் கதியால் போட்டனி. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

சரி, மூன்று. வரைபடத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்து, கையெழுத்து வைத்தேன். தன்னுடைய காணிக்கும் சேர்த்துக் கேட்கச் சொல்லி ஒரு அதிகாரக் கடிதம் முன்னமே எழுதி வைத்திருந்தான். அகதி அட்டையோடு அவன் இலங்கைக்கு வர முடியாது. மீனின் தலையை எனக்குப் போட்டான். அது எனக்குப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரிய விடவில்லை. அன்று பின்னேரம் முழுதும் சத்தம் போட்டுக் கதைத்தோம். கீழ்வீட்டுக்காரர் தட்டினார். குணராசா பிரெஞ்சில் ஏதோ சொன்னான். "என்ன சொன்னனி?" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரன் வந்திருக்கிறான் எண்டு சொன்னனான்" என்றான்.

மாத முடிவுக்கு மூன்று நாள் இருக்க வரைபடத்தைக் கொடுத்தேன். அலுவலர் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கோப்புக்குள் வைத்தார். ஆறு மாதத்தில் என் காணியை விட்டார்கள். தென்னை ஒன்றுகூட இல்லை. கிணறு இருக்கிறது.

குணராசாவின் காணியையும் விட்டார்கள். ஆனால் முகாம் அடுத்த காணிக்குத் தள்ளிப் போனபோது போட்ட புது முட்கம்பி அவன் எல்லைக்குள் இரண்டு அடி வந்து நிற்கிறது. வரைபடத்தின் பிரதியோடு முகாமில் போய் நின்றேன். இராணுவ அதிகாரி நல்லவர்தான், கதிரை தந்தார். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் மொழிபெயர்த்தான்.

"இரண்டு அடிதானே ஐயா. அதுவும் உங்களுடைய காணி இல்லையே. அந்த ஆளும் பிரான்ஸில். ஏன் இவ்வளவு கோபம்?"

"தம்பி," என்றேன், "ஒண்டரை அடிக்கு ரெண்டு வருசம் கோடு ஏறின ஆள் நான். உங்கடை பெரியவரிட்டைச் சொல்லு. வேலி எப்பிடித் தள்ளுறதெண்டு எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

அவன் அதை முழுதாக மொழிபெயர்க்கவில்லை என்று அதிகாரியின் முகத்தில் தெரிந்தது. பிறகு பார்ப்போம் என்றார்கள். மறுநாளும் போனேன். ஒவ்வொரு செவ்வாயும் போகிறேன். கதிரை எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கே தெரியும். எடுத்துப் போட்டுக்கொண்டு இருப்பேன். இன்றைக்கும் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கம்பி இன்னும் எடுக்கவில்லை.